கதவு எண் இல்லாத வீட்டில் கேம் சர்வர்: சிஜிநேட் லைன் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

மைன்கிராஃப்ட் சர்வருக்காக ரவுட்டரில் 25565 போர்ட்டைத் திறந்தாயிற்று. ஃபயர்வாலை அணைத்தும் பார்த்தாயிற்று. மாறும் ஐபிக்கு மாறாத பெயர் தரும் டைனமிக் டிஎன்எஸ்ஸில் ஒரு பெயரும் வாங்கியாயிற்று. வீட்டுக்குள் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து சர்வர் திறக்கிறது. பக்கத்துத் தெரு நண்பனுக்கு மட்டும் "கனெக்‌ஷன் டைம்டு அவுட்". இந்த இடத்தில்தான் பலரும் ரவுட்டரை ரீசெட் செய்து, இருந்த இன்டர்நெட்டையும் இழக்கிறார்கள். இந்த ஆய்வில் கோளாறு இருப்பது ரவுட்டரில் அல்ல, சிஜிநேட்டில்: பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி எண்ணைப் பங்கிட, இணைய நிறுவனம் தன் பக்கம் செய்யும் முகவரி மாற்றம் (நேட்).

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது தமிழ்நாட்டு ஃபைபர் வீடுகளில் சாதாரணமாகக் காணக்கூடிய ஒரு மாதிரி அமைப்பு. வீடு மதுரையில். 100 எம்பிபிஎஸ் லைன், பிபிபிஓஇ (பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) லாகின், நிறுவனம் கொடுத்த, ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டியும் ரவுட்டரும் சேர்ந்த ஒரே டப்பா. சர்வருக்கு நான்கு கோர், 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி உள்ள பழைய லேப்டாப்; அதில் டெபியன் 12 லினக்ஸ். கேம் மைன்கிராஃப்ட் ஜாவா, சர்வர் மென்பொருள் பேப்பர். விளையாடுவோர் ஆறு பேர்: இருவர் அதே வீட்டில், இருவர் சென்னையில், ஒருவர் கோவையில் கல்லூரி விடுதி வைஃபையில், ஒருவர் போனில் பெட்ராக் பதிப்பில்.

அடைப்பு எங்கே

முதலில் பிழைச் செய்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்று வந்தால் தட்டிய சத்தம் ஒரு கணினி வரை போயிருக்கிறது, அங்கே அந்த போர்ட்டில் யாரும் காது கொடுக்கவில்லை என்று பொருள். சர்வர் ஓடவில்லை, அல்லது போர்ட் எண் தவறு. "டைம்டு அவுட்" வந்தால் தட்டிய சத்தமே வழியில் தொலைந்துவிட்டது. இணையத்தில் கிடைக்கும் போர்ட் சோதனைத் தளங்கள் இந்த இரண்டையும் பெரும்பாலும் "மூடியிருக்கிறது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். சர்வரை ஓடவிடாமல் அந்தச் சோதனையைச் செய்தால் எல்லாம் சரியாக உள்ள லைனும் மூடியதாகத்தான் காட்டும்.

அடுத்து ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த வெளிப்பக்க எண்) என்ன என்று பார்க்க வேண்டும். பிறகு பிரவுசரில் "என் ஐபி என்ன" என்று கேட்டு வரும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றானால் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்ய வாய்ப்புண்டு. இந்த வீட்டில் வான் ஐபி 100.72-இல் தொடங்குகிறது, வெளித்தளம் காட்டுவது வேறு எண். அத்தோடு தீர்ப்பு வந்துவிட்டது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான எண்கள், 2012 ஏப்ரலில் வந்த ஆர்எஃப்சி 6598 என்ற இணையத் தர ஆவணம் இணைய நிறுவனங்களின் உள்நேட்டுக்கென்றே ஒதுக்கியவை. வான் ஐபி 10-இல் தொடங்கினாலும், 172.16 முதல் 172.31 வரை இருந்தாலும் அதே நோய்தான்.

காரணம் எளிது. ஐபிவி4-இல் மொத்தம் இருப்பதே சுமார் 429 கோடி எண்கள். மைய அமைப்பான ஐயானாவின் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-இல் தீர்ந்தது. ஆசியாவுக்குப் பங்கிடும் ஏப்நிக் அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதன்பின் ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் பல வீடுகளைக் குடிவைத்தார்கள். பழைய ஒண்டுக்குடித்தன வீடு மாதிரி. தெருவாசலில் ஒரு கதவு எண், உள்ளே பத்துக் குடும்பம். உள்ளிருந்து யாராவது கடிதம் போட்டால் பதில் அவர் கைக்கு வந்துசேரும், ஏனென்றால் வாசலில் இருப்பவர் குறித்து வைத்திருக்கிறார். வெளியிலிருந்து புதிதாக வரும் கடிதம் எந்தக் குடும்பத்துக்கு என்று அவருக்குத் தெரியாது, கிழித்துப் போட்டுவிடுவார். நம் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போடுவது, நம் அறைக் கதவில் "உள்ளே வரலாம்" என்று எழுதி ஒட்டுவது. தெருவாசல் வேறொருவர் கையில்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. போர்ட்டைத் தானாகத் திறக்கச் சொல்லும் யுபிஎன்பி "போர்ட் திறந்தது" என்று பச்சை விளக்குக் காட்டும். அது திறந்தது 100.72 எண்ணில், வெளியுலகுக்கு அதனால் பயனில்லை. இன்னொன்று, லேப்டாப்பில் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளை நிறுவியிருந்தால் அதுவும் தன் முகவரிகளை இதே 100.64 வட்டத்திலிருந்துதான் எடுக்கிறது. லேப்டாப்பின் 100-இல் தொடங்கும் எண்ணைப் பார்த்து "ஐயோ சிஜிநேட்" என்று முடிவுகட்டக் கூடாது. பார்க்க வேண்டியது ரவுட்டரின் வான் எண்ணை.

என்னென்ன வழிகள்

கேமே தன் சொந்த ரிலே (நடுவில் நின்று தரவைக் கடத்தும் கணினி) வைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வால்ஹெய்மில் கிராஸ்பிளே வசதியோடு சர்வரைத் தொடங்கினால் சேரும் குறியீடு ஒன்று கிடைக்கும், போர்ட் கவலை இல்லை. டெரேரியாவில் ஸ்டீம் வழியாக நண்பர்களை அழைத்தாலும் அப்படித்தான். மைன்கிராஃப்ட் ஜாவாவின் தனி சர்வருக்கு அந்தச் சலுகை கிடையாது.

நிறுவனத்திடம் பொது ஐபி கேட்பது இரண்டாவது வழி, பலரும் கூச்சத்தில் விட்டுவிடும் வழி. கஸ்டமர் கேரில் "சிஜிநேட்" என்று சொன்னால் "சார், உங்க லைன்ல நெட் வருதுல்ல?" என்ற பதில்தான் கிடைக்கும். "எனக்கு பப்ளிக் ஐபி வேணும், ஸ்டாட்டிக்கா இல்லாட்டியும் பரவாயில்ல" என்று கேட்பது நல்லது. மாறும் பொது ஐபியைச் சில நிறுவனங்கள் கேட்டாலே மாற்றிக் கொடுத்துவிடுகின்றன. நிலையான ஐபிக்குத் தனிக் கட்டணம், அதுவும் சில இடங்களில் வணிகத் திட்டத்தில் மட்டும். கட்டணம் கட்டுப்படியானால் இந்த ஆய்வின் மீதிப் பகுதியே தேவையில்லை. இந்த வீட்டுக்கு அது கிடைக்காத நிலையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஐபிவி6 இன்னொரு வழி. உலகில் ஐபிவி6 அதிகம் புழங்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதில் நேட் இல்லை, லேப்டாப்புக்கே தனிப் பொது முகவரி கிடைக்கும். ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்த முகவரிக்கு 25565-ஐ மட்டும் அனுமதித்தால் போதும். சிக்கல் இரண்டு. நிறுவனம் கொடுக்கும் பல டப்பாக்களில் அந்த அனுமதி போடும் இடமே இருக்காது. சிலவற்றில் ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கும் ஒரே பொத்தான்தான் இருக்கும். அதை அணைத்தால் வீட்டில் உள்ள டிவி, கேமரா எல்லாம் தெருவுக்கு வந்துவிடும். அடுத்து, விளையாட வரும் ஒவ்வொருவருக்கும் ஐபிவி6 இருக்க வேண்டும். விடுதி வைஃபையில் அது இல்லை. ஆறில் ஒருவர் வெளியே நின்றால் வழி அடைபட்டதாகத்தான் கொள்ள வேண்டும்.

டெயில்ஸ்கேல், ஜீரோடியர் மாதிரி மெஷ் விபிஎன்கள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெளியே தட்டி, நேட்டில் துளை போட்டுச் சந்திக்கின்றன. மூன்று நான்கு பேர் மட்டும் விளையாடுவதென்றால் இதைவிட நல்ல வழி கிடையாது என்பதே எங்கள் கருத்து. பத்து நிமிட வேலை, போர்ட் எதுவும் உலகுக்குத் திறப்பதில்லை. ஆனால் ஒவ்வொருவர் கருவியிலும் நிறுவ வேண்டும். விடுதி நெட்வொர்க் யுடிபியை (முன்கூட்டி இணைப்பு பிடிக்காமல் பாக்கெட் அனுப்பும் முறை) அடைத்திருந்தால் துளை விழாது. டெயில்ஸ்கேல் தன் ரிலே வழியாக 443-இல் போகும், பிங் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்) ஏறும்.

ப்ளேஇட் போன்ற தயார் டனல்கள் வீட்டிலிருந்து வெளியே ஓர் இணைப்பைப் பிடித்துக்கொண்டு, பொது முகவரி ஒன்றைக் கையில் கொடுக்கின்றன. விளையாடுவோர் எதையும் நிறுவ வேண்டாம். ரிலே கணினி எந்த நாட்டில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது: ஐரோப்பா சுற்றி வந்தால் பிங் 300-ஐத் தொடும். கிளவுட்ஃப்ளேர் டனலைப் பலர் முயன்று நேரம் வீணாக்குகிறார்கள். அது இணையதளங்களுக்கு அருமையானது. வெறும் டிசிபி (முதலில் இணைப்பு பிடித்துக்கொண்டு அனுப்பும் முறை) போக வேண்டுமானால் விளையாடுபவரின் கணினியிலும் அவர்களின் மென்பொருள் ஓட வேண்டும், போனில் வருபவருக்குத் தேவையான யுடிபி கேம் போர்ட்டை அது பொதுவில் திறந்து தராது.

கடைசி வழி, மலிவான சிறு விபிஎஸ் (பொது ஐபியோடு இணையத்தில் கிடைக்கும் மெய்நிகர் கணினி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளால் டனல் போடுவது. 1 கோர், 1 ஜிபி ராம் போதும். அதன் வேலை பாக்கெட்டை வாங்கித் தள்ளுவது மட்டுமே. "அப்புறம் சர்வரையே அங்கே ஓட்டிவிடலாமே?" என்று கேட்கலாம். 1 ஜிபியில் பேப்பர் ஆறு பேரோடு ஓடாது. 6 ஜிபி, 8 ஜிபி விபிஎஸ்ஸின் மாத வாடகை பல மடங்கு, வீட்டில் லேப்டாப்போ சும்மா கிடக்கிறது. அந்த வாடகை கொடுக்க முடிந்தவர்கள் அதையே செய்யலாம், தலைவலி பாதி. இந்த அமைப்பு தேர்ந்தது டனல் வழியை.

விபிஎஸ் எங்கே இருக்க வேண்டும்

கண்ணாடி இழையில் ஒளி ஒரு வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 1,000 கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லிசெகண்ட், வழியில் உள்ள ரவுட்டர்களும் வளைவுகளும் அதை இரண்டு மூன்று மடங்காக்கும். டனலில் ஒவ்வொரு பாக்கெட்டும் விளையாடுபவரிடமிருந்து விபிஎஸ், அங்கிருந்து வீடு என்று இரண்டு பயணம் போகிறது. சென்னை, பெங்களூரு, மும்பை மூன்றிலும் பெரிய கிளவுட் நிறுவனங்களுக்கு மையங்கள் உண்டு. வரைபடத்தில் சென்னை பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம். சில நிறுவனங்களின் போக்குவரத்து மும்பை போய்த்தான் திரும்பும். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் இடத்தில் இரண்டு ஊர்களிலும் ஒரு மணி நேரம் எடுத்து, வீட்டிலிருந்தும் விடுதியிலிருந்தும் இரவு ஒன்பது மணிக்கு பிங் பார்த்து முடிவெடுக்கலாம். பகல் பதினொரு மணி பிங்கை நம்பக் கூடாது.

மைன்கிராஃப்ட் வினாடிக்கு 20 டிக், ஒவ்வொன்றும் 50 மில்லிசெகண்ட். மொத்த பிங் 80-க்குள் இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். துப்பாக்கிச் சண்டை கேம்களுக்கு இந்த இரட்டைப் பயணம் ஒத்துவராது.

கட்டிய விதம்

விபிஎஸ்ஸுக்கு டனலுக்குள் 10.8.0.1, லேப்டாப்புக்கு 10.8.0.2. விபிஎஸ்ஸில் யுடிபி 51820, டிசிபி 25565, போன்காரருக்காக யுடிபி 19132 மூன்றும் திறந்திருக்க வேண்டும். கிளவுட் பேனலில் ஒரு ஃபயர்வால், லினக்ஸுக்குள் இன்னொரு ஃபயர்வால் என்று இரண்டு பூட்டு இருக்கும். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு மணிக்கணக்கில் தேடுபவர்கள் ஏராளம். யுஎஃப்டபிள்யூ என்ற லினக்ஸ் ஃபயர்வால் கருவி வைத்திருந்தால், வழிப்போக்கு பாக்கெட்டுகளை அது இயல்பாகவே மறுக்கும், அந்த ஃபார்வர்ட் கொள்கையையும் மாற்ற வேண்டும். கர்னலில் ஐபி ஃபார்வர்ட் 1 ஆக இருக்க வேண்டும்.

வீட்டுப் பக்கக் கட்டமைப்பில் பர்சிஸ்டன்ட் கீப்பலைவ் 25. இதை விட்டுவிட்டால் டனல் முதல் அரை மணி நேரம் அழகாக ஓடி, எல்லோரும் வெளியேறிய பின் செத்துப்போகும். வாசல்காரர், அதாவது சிஜிநேட், தன் குறிப்பேட்டில் யுடிபி வரியை நெடுநேரம் வைத்திருப்பதில்லை; சில இடங்களில் 30 வினாடி சும்மா இருந்தாலே அழித்துவிடுகிறார். 25 வினாடிக்கு ஒரு முறை வீட்டிலிருந்து ஒரு சிறு பாக்கெட் போனால் வரி உயிரோடு இருக்கும். விபிஎஸ் பக்கம் இது தேவையில்லை, அங்கே நேட் இல்லை.

வயர்கார்டு தவறான சாவியோடு வருபவருக்குப் பதிலே சொல்லாது, லாகிலும் ஒன்றும் எழுதாது. ஹேண்ட்ஷேக் ஆகிறதா என்பதை அதன் நிலைக் கட்டளையில் "லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்" வரியில் மட்டுமே காணலாம். கீப்பலைவ் போட்டிருந்தால் அது இரண்டு நிமிடத்துக்கு மேல் அதிகம் பழையதாகாது. அந்த வரியே இல்லையென்றால் பொதுச் சாவியும் ரகசியச் சாவியும் இடம் மாறியிருக்கும், அல்லது 51820 பேனலில் மூடியிருக்கும். பழைய லேப்டாப்பில் இன்னொரு காரணமும் உண்டு. சிமாஸ் பேட்டரி செத்திருந்தால் கடிகாரம் பின்னோக்கிப் போகும். வயர்கார்டு பழைய நேரமுத்திரையோடு வரும் ஹேண்ட்ஷேக்கைத் திருட்டு மறுபதிவு என்று தள்ளிவிடும். நேரம் ஒத்திசைந்த பிறகே டனல் எழும்.

விபிஎஸ்ஸில் 25565-க்கு வருவதை 10.8.0.2-க்குத் திருப்பும் டீநேட் விதி, கூடவே அனுப்புநர் முகவரியை விபிஎஸ்ஸின் எண்ணாக மாற்றும் மாஸ்கரேட். வீட்டுப் பக்க அலவ்டு ஐபிஸ் 10.8.0.1/32. இது முதல் வடிவம். இணையத்தில் உள்ள வழிகாட்டிகள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும், சென்னையிலிருந்து முதல் ஆள் உள்ளே வந்தும் விடுவார்.

எல்லோரும் ஒரே ஆளாகிப் போன கோளாறு

மாஸ்கரேட் போட்டதால் லேப்டாப்புக்கு எல்லோரும் 10.8.0.1 என்ற ஒரே முகவரியிலிருந்து வருவதாகத் தெரியும். அதன் விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். இரவு எட்டு மணிக்கு நான்கு பேர் ஒன்றாக நுழைய முயன்றால் ஒருவர் உள்ளே போவார், மற்றவர்களுக்கு "கனெக்‌ஷன் த்ராட்டில்டு" என்று வரும். பேப்பர் பயன்படுத்தும் புக்கிட் அமைப்பில் ஒரே ஐபியிலிருந்து அடுத்த இணைப்புக்கு 4,000 மில்லிசெகண்ட் இடைவெளி வேண்டும் என்ற இயல்பு விதி உண்டு. அழையாத ஒருவன் வந்து அவனை ஐபியோடு தடை செய்தால், அத்தனை பேரும் சேர்ந்து தடையாகிவிடுவார்கள். சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் ப்ராக்ஸி இணைப்பைத் தடுக்கும் அமைப்பை யாராவது பாதுகாப்பு என்று நினைத்து ட்ரூ ஆக்கினால், கணக்குச் சரிபார்க்கும் சர்வர் பார்த்த ஐபியும் இங்கே தெரியும் ஐபியும் ஒத்துப்போகாமல் லாகினே நின்றுவிடும்.

த்ராட்டிலை -1 ஆக்கி ஒப்பேற்றலாம். சரியான மருந்து மாஸ்கரேட்டை எடுப்பது. ஆனால் அதை மட்டும் எடுத்தால் ஒருவராலும் நுழைய முடியாது. ஏன் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இங்கே இரண்டு தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன.

இப்போது பாக்கெட் விளையாடுபவரின் உண்மையான ஐபியோடு டனலுக்குள் வருகிறது. வீட்டுப் பக்க வயர்கார்டு, "இந்தச் சாவிக்காரர் 10.8.0.1 என்ற பெயரில் மட்டுமே பேசலாம்" என்று அலவ்டு ஐபிஸில் படித்து, பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கொட்டிவிடும். ஆகவே அது 0.0.0.0/0 ஆக வேண்டும். அப்படிப் போட்டால் வயர்கார்டை எழுப்பும் டபிள்யூஜி-குவிக் கட்டளை லேப்டாப்பின் மொத்த இணையத்தையும் டனலுக்குள் திருப்பிவிடும், அதைத் தடுக்க டேபிள் ஆஃப் என்று ஒரு வரி. இப்போது பாக்கெட் சர்வரை அடைகிறது. பதில்? லேப்டாப்பின் இயல்பு வழி வீட்டு ரவுட்டர். பதில் அந்த வழியே, சிஜிநேட்டின் பொது ஐபியோடு, விளையாடுபவரிடம் போகிறது. அவர் விபிஎஸ்ஸைக் கூப்பிட்டார், பதில் யாரோ ஒருவரிடமிருந்து வருகிறது, அவர் கணினி அதைத் தள்ளிவிடுகிறது. தீர்வு, 10.8.0.2 என்ற முகவரியிலிருந்து கிளம்பும் பாக்கெட்டுகள் 200 என்ற தனி ரவுட்டிங் டேபிளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு விதியும், அந்த டேபிளில் இயல்பு வழி வயர்கார்டு என்று ஒரு வரியும். இரண்டையும் வயர்கார்டு கட்டமைப்பின் போஸ்ட்அப் வரிகளில் வைத்தால் ஒவ்வொரு முறையும் தானாக ஏறும்.

இத்தனையும் ஆன பிறகு ஜாவாக்காரர்கள் வருவார்கள், போன்காரர் வர மாட்டார். பெட்ராக் போன்களை ஜாவா சர்வருக்குள் கொண்டுவர கீசர் என்ற ப்ளக்இன் உள்ளது. அது யுடிபி 19132-இல் கேட்கிறது, எல்லா முகவரியிலும் கேட்கும் 0.0.0.0 அமைப்பில். டிசிபியில் ஒரு இணைப்பு எந்த முகவரிக்கு வந்ததோ அதே முகவரியிலிருந்து பதில் போகும். யுடிபியில் அந்த நினைவு இல்லை. கர்னல் இயல்பு வழியைப் பார்த்து, லேப்டாப்பின் வீட்டு முகவரியான 192.168.1.50-ஐப் போட்டு ரவுட்டர் பக்கம் அனுப்பிவிடுகிறது, நம் விதி அதைத் தொடுவதே இல்லை. கீசர் கட்டமைப்பில் பெட்ராக் முகவரியை 10.8.0.2 என்று கட்டினால் சரியாகும். அதன்பின் வயர்கார்டு எழும் முன்பே சர்வர் தொடங்கினால் "முகவரியைக் கொடுக்க முடியாது" என்று கீசர் விழும். சிஸ்டம்டி சேவையில் வயர்கார்டுக்குப் பின்னரே தொடங்க வேண்டும் என்று குறிக்க வேண்டும்.

எட்டு பைட்

அடுத்த கோளாறு எல்லாவற்றிலும் விசித்திரமாகத் தெரியும். சர்வர் பட்டியலில் பெயரும் பச்சைக் கோடுகளும் வருகின்றன. கோவைக்காரர் சொடுக்குகிறார், "சேர்ந்துவிட்டார்" என்று மற்றவர்களுக்குச் சாட்டில் தெரிகிறது. அவர் திரையிலோ "லோடிங் டெரெய்ன்" அசையாமல் நிற்கிறது. சுமார் அரை நிமிடத்தில் டைம்டு அவுட். ராம் போதவில்லை, ப்ளக்இன் கெட்டுவிட்டது, விடுதி வைஃபை சரியில்லை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

பட்டியல், லாகின், சாட் எல்லாம் சிறு பாக்கெட்டுகள். நிலப்பரப்பு வரும் சங்க் (கேம் உலகின் ஒரு துண்டு) தரவு மட்டுமே பாக்கெட்டை முழு அளவுக்கு நிரப்பும். சிறியது போகிறது, பெரியது போகவில்லை என்றால் சந்தேகம் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) மேல்தான் விழ வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வயர்கார்டின் இயல்பு எம்டியு 1420. அதன் மேல் உறை: வெளியே ஐபிவி4 என்றால் 60 பைட், ஐபிவி6 என்றால் 80. பிபிபிஓஇ தனக்கென 8 பைட் எடுப்பதால் இந்த லைனில் போகக்கூடியது 1492. ஐபிவி4-இல் 1420 கூட்டல் 60, 1480, தாராளமாகப் போகும். ஐபிவி6-இல் 1420 கூட்டல் 80, சரியாக 1500. எட்டு பைட் அதிகம். லேப்டாப் தன் ஈதர்நெட் 1500 என்று மட்டும் அறியும், ரவுட்டருக்கு அப்பால் இருக்கும் பிபிபிஓஇ அதற்குத் தெரியாது. இப்படியானால் ரவுட்டர் "பாக்கெட் பெரிது" என்று ஐசிஎம்பிவி6 செய்தி அனுப்ப வேண்டும். ரவுட்டர் அதை அனுப்பாவிட்டாலும், லேப்டாப் ஃபயர்வால் அதைத் தள்ளிவிட்டாலும் பெரிய பாக்கெட்டுகள் எல்லாம் குழியில் விழும்.

ஐபிவி6 எங்கிருந்து வந்தது? வயர்கார்டு எண்ட்பாயிண்டில் விபிஎஸ்ஸின் பெயரை எழுதியிருந்ததால். அந்தப் பெயருக்கு இரண்டு வகை முகவரியும் இருந்தன, லேப்டாப் ஐபிவி6-ஐத் தேர்ந்தது. பெயருக்குப் பதில் ஐபிவி4 எண்ணையே எழுதினால் இந்தக் கோளாறு போகும், கரண்ட் வந்ததும் டிஎன்எஸ் தயாராகும் முன் வயர்கார்டு தொடங்கித் தோற்பதும் சேர்ந்து போகும். இருந்தாலும் இரண்டு பக்கமும் எம்டியுவை 1380 என்று குறைத்து வைப்பதே நல்லது; வேகத்தில் இழப்பு கண்ணுக்குத் தெரியாது. சோதிக்க, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு விபிஎஸ்ஸின் 10.8.0.1-க்கு 1,352 பைட் பிங் அனுப்ப வேண்டும். 28 பைட் தலைப்போடு அது 1380. அது திரும்பி வந்தால் குழாய் நேர்.

லேப்டாப், பதிவேற்றம், கரண்ட்

8 ஜிபியில் ஜாவாவுக்கு 4 ஜிபி, தொடக்க அளவும் உச்ச அளவும் ஒன்றாகவே. ஏழு கொடுத்தால் லினக்ஸ் மூச்சுத் திணறிச் சர்வரையே கொன்றுவிடும். மைன்கிராஃப்ட் 1.20.5 முதல் குறைந்தது ஜாவா 21 வேண்டும், டெபியன் 12-இன் இயல்புக் களஞ்சியத்தில் இருப்பது 17, ஆகவே தனியாக நிறுவ வேண்டும். வியூ டிஸ்டன்ஸ் 10 என்றால் ஒரு ஆளைச் சுற்றி 21க்கு 21, அதாவது 441 சங்க். 8 ஆக்கினால் 289. சிமுலேஷன் டிஸ்டன்ஸ் 6. சங்கி என்ற ப்ளக்இன்னால் நடுவிலிருந்து 3,000 பிளாக் வரை நிலத்தை முன்கூட்டியே உருவாக்கி வைத்தால், யாராவது குதிரையில் ஓடும்போது எல்லோருக்கும் லேக் வருவது நிற்கும். அந்த லேக்கைப் பலர் நெட் மீது போடுகிறார்கள். பெரும்பாலும் அது பிராசசரின் ஒரே கோர் திணறுவது.

தரவுக் கணக்கு: ஆளுக்கு அரை எம்பிபிஎஸ், ஆறு பேருக்கு 3 எம்பிபிஎஸ் என்று தாராளமாகவே வைத்தாலும், நாளைக்கு மூன்று மணி நேரத்தில் 4 ஜிபி, மாதம் சுமார் 120 ஜிபி. விபிஎஸ்ஸில் அதே தரவு உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை. 1 டிபி திட்டம் எதேஷ்டம். வீட்டில் யாராவது போன் போட்டோக்களை மேகத்துக்கு ஏற்றும்போது பிங் எகிறினால் அது ரவுட்டரில் பதிவேற்ற வரிசை நீள்வது. சொந்த ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள் இருந்தால் கேக் என்ற வரிசை முறையைப் போட்டு, பதிவேற்றத்தை அளந்த வேகத்தில் 90 சதவீதத்துக்குக் கட்டலாம்.

கரண்ட் போனால் லேப்டாப் தன் பேட்டரியில் நிற்கும்; அதுதான் பழைய லேப்டாப்பின் பெரிய வரம். ஓஎன்டி நிற்காது. அதன் அடாப்டரில் எழுதியுள்ளதைப் பார்த்து, பெரும்பாலும் 12 வோல்ட், அதற்கேற்ற மினி யுபிஎஸ் வாங்க வேண்டும். ஆம்பியர் அடாப்டரில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. ஜிபான் ஃபைபரில் தெருவிலுள்ள ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை, அதனால் தெருவே இருண்டாலும் லைன் இருக்கும். கம்பத்தில் ஸ்விட்ச் வைத்துக் கேபிள் இழுத்திருக்கும் லைனில் மினி யுபிஎஸ் வாங்கி ஒரு பலனும் இல்லை. மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்காதபடி லாகின்டி அமைப்பை மாற்ற வேண்டும், பயாஸில் வசதி இருந்தால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்த வேண்டும். ஆண்டு முழுக்க நூறு சதவீதத்தில் செருகியே கிடக்கும் பேட்டரி உப்பும். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு தெரிந்தால் அன்றைக்கே கழற்றிவிட வேண்டும்.

திறந்த கதவுக்குக் காவல்

25565-ஐத் தேடி இணையம் முழுவதையும் தட்டிக்கொண்டே இருக்கும் பாட்கள் உண்டு. விபிஎஸ்ஸில் போர்ட் திறந்த சில மணி நேரத்தில் லாகில் முன்பின் தெரியாத பெயர்கள் வரத் தொடங்கலாம், பயப்பட வேண்டாம். ஒயிட்லிஸ்ட்டும் (அனுமதிக்கப்பட்டவர் பட்டியல்) அதைக் கட்டாயமாக்கும் அமைப்பும் ட்ரூ. ஆன்லைன் மோட் ட்ரூ. காசு கொடுக்காத லாஞ்சரில் வரும் நண்பனுக்காக ஆன்லைன் மோடை அணைத்தால் ஒயிட்லிஸ்ட் வெறும் பெயர்ப்பட்டியல் ஆகிவிடும். ஆப் (நிர்வாகி) உரிமை உள்ளவரின் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு உள்ளே வந்து கட்டளையிடலாம். தொலைவிலிருந்து சர்வருக்குக் கட்டளையிடும் ஆர்கானின் 25575 போர்ட்டை எக்காரணம் கொண்டும் டனலில் திருப்பக் கூடாது. விபிஎஸ்ஸுக்கு எஸ்எஸ்ஹெச் சாவி மட்டும், பாஸ்வேர்டு இல்லை. 2021 டிசம்பரில் லாக்4ஷெல் ஓட்டை வெளியானபோது, சாட்டில் ஒரு வரி எழுதினாலே மைன்கிராஃப்ட் சர்வரைக் கைப்பற்ற முடிந்தது. டிசம்பர் 10 அன்றே 1.18.1 திருத்தத்தோடு வந்தது. சர்வரைப் புதுப்பிக்காதவர்களுக்கு அது வந்தும் பயனில்லை. லேப்டாப்பில் பேப்பரைத் தனிப் பயனராக ஓட்டினால், உடைந்தாலும் வீட்டுக் கோப்புகள் வரை போகாது.

உள்வீட்டு இருவர் விபிஎஸ்ஸின் பெயரைப் போட்டு வந்தால் அவர்கள் பாக்கெட் மதுரையிலிருந்து போய் மதுரைக்கே திரும்பும். அவர்கள் 192.168.1.50 என்று நேராகப் போடலாம், ரவுட்டரில் அந்த எண்ணை லேப்டாப்புக்கு நிரந்தரமாக ஒதுக்கிய பின். வெளியே உள்ளவர்களுக்கு ஒரு டொமைன் பெயரும் எஸ்ஆர்வி பதிவும் (போர்ட் எண்ணையும் சொல்லும் டிஎன்எஸ் பதிவு) கொடுத்தால் போர்ட் எண் சொல்ல வேண்டியதில்லை. போன்காரருக்கு மட்டும் எஸ்ஆர்வி செல்லாது, பெயரையும் 19132-ஐயும் தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.